அடுப்பு சிரித்த காலை

போன மாதத்தோடு ஏணி ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வயது முப்பத்தாறு. இடது முழங்காலில் சவ்வு கிழிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்த அன்று டாக்டர், "ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறுவீங்க?" என்று கேட்டார். படி இல்லை, ஏணி என்றேன். "அப்ப இனிமே ரெண்டும் வேணாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி என்னை வரைபடப் பிரிவுக்கு மாற்றியது. பதினான்கு வருடம் தோளில் தொங்கிய கருவிப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். பட்டியலில் பதினேழு சாமான். பையிலும் பதினேழு.

பையை வாங்கிக்கொண்ட நந்தினி சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் கேட்டாள்: "அக்கா, இப்ப பைப்புக்குள்ளேயே சென்சார் இருக்கு. போன்லயே கிராஃப் வந்துடுது. நீங்க மட்டும் எந்தக் கிச்சனுக்குப் போனாலும் ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பீங்களாமே, ஏன்?"

"சும்மா நிக்கலை. கேட்டுட்டு இருப்பேன்."

"என்னத்தைக் கேப்பீங்க?"

அதற்குப் பதில் சொல்ல ஒரு டீ இடைவேளை போதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்களுடையது துவாக்குடிப் பக்கம் உள்ள சிறிய பட்டறை. கல்யாண மண்டபம், விடுதி, மெஸ் போன்ற பெரிய சமையலறைகளுக்கு விறகு அடுப்பு செய்கிறோம். பார்க்க இரும்புப் பெட்டி போல இருக்கும். முன்பக்கம் விறகு போடும் கதவு, அதற்குக் கீழே சாம்பல் கதவு. காற்று இந்தச் சாம்பல் கதவு வழியாகத்தான் உள்ளே போகும். பின்பக்கத்திலிருந்து எஃகுக் குழாய் ஒன்று கூரையைத் தாண்டி மேலே போகும். அதுதான் புகைப்போக்கி. குழாயின் கழுத்தில் ஒரு தகடு உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் அது வழியை மறைக்கும், டேம்பர் என்போம். அடுப்பு என்பது பாதிதான், மீதிப் பாதி புகைப்போக்கி. சூடான புகை மேலே ஏறும்போது கீழே காற்றை இழுக்கிறது. இழுப்பு சரியாக இருந்தால் சமையல்காரர் கண்ணில் தண்ணீர் வராது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் குழாய்களில் கரி சுரண்டினேன். இரண்டாவது ஆறு மாதம், மற்றவர்கள் சுரண்டியதைச் சரிபார்த்தேன். பயிற்சி அவ்வளவுதான்.

சர்வீஸ் மேனேஜர் தனசேகர் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு ஆகாதது பெயரடை. புகார்ப் படிவத்தில் 'அதிகப் புகை' என்று எழுதினால், 'அதிக' என்பதை அடித்துவிட்டு மேலே 'எவ்வளவு?' என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புவார். 'பழைய குழாய்' என்றால் 'எத்தனை வருடம்?' 'மோசமான விறகு' என்றால் 'என்ன மரம், வெட்டி எத்தனை நாள்?' ஒரு முறை நான் 'வித்தியாசமான சத்தம்' என்று எழுதிவிட்டேன். நேராக மேஜைக்கே வந்தார்.

"கற்பகம், சத்தத்துக்கு என்ன யூனிட்?"

"டெசிபல் சார்."

"அளந்தீங்களா?"

"இல்ல சார். கேட்டேன்."

"நீங்க கேட்டதை நான் எப்படி ஃபைல்ல வைக்கிறது?" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போனார்.

மறுநாள் முதல் பட்டறையில் அது கேலியாயிற்று. வெல்டிங் பிரிவில் எதையாவது கீழே போட்டால், "எவ்வளவு சத்தம்? ரெண்டு கற்பகம் இருக்குமா?" என்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. சத்தத்தை ஃபைலில் வைக்கும்படி எப்படி எழுதுவது என்று அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். எங்கே கேட்டது, எப்போது கேட்டது, எந்தக் கதவைத் திறந்தால் மாறியது என்று மூன்று கட்டங்கள். அந்த நோட்டிலிருந்து சில:

டிக், டிக் என்று நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல வந்தால், இரும்பு சூட்டில் நீள்கிறது, அல்லது ஆறிச் சுருங்குகிறது. பயம் இல்லை.

விசில் வந்தால் எங்கோ மூட்டு விட்டிருக்கிறது. வெளிக்காற்று அந்த இடுக்கு வழியாகக் குழாய்க்குள் நுழைகிறது.

பொப்... பொப்... என்று கதவிடுக்கில் புகை துப்பினால், காற்று போதாமல் உள்ளே வாயு சேர்ந்து, சேர்ந்ததும் பற்றி, மறுபடி சேர்கிறது.

பிறாண்டல் என்றால் அணில், மைனா. தீ மூட்டக் கூடாது. முதலில் வெளியேற்ற வேண்டும்.

இதில் விசில், மலைக்கோட்டை அடிவாரச் சந்தில் இருந்த ஒரு மெஸ்ஸில் கிடைத்தது. இரண்டு ஜவுளிக் கடைகளின் சுவருக்கு நடுவில் குழாய் ஏறியது. ஆடி மாதக் காற்று வந்தால் விசில் அடிக்கும். முதலாளி நொந்துபோயிருந்தார். "அம்மா, நான் நடத்துறது மெஸ்ஸு. சந்துல போற காலேஜ் பொண்ணுங்க எல்லாம் என் கல்லாவைப் பாத்து முறைச்சுட்டுப் போகுதுங்க. எதிர்க்கடைக்காரன் நான்தான் விசில் அடிக்கிறேன்னு வேற சொல்றான்." ஏழு மூட்டு. ஒவ்வொன்றிலும் ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். நான்காவது மூட்டில் ஊதுபத்திப் புகை உள்பக்கம் வளைந்தது. காற்று புகாமல் மூட்டின் நடுவில் வைக்கும் தீப்பிடிக்காத கயிறு இற்றுப் போயிருந்தது. மாற்றியதும் சத்தம் நின்றது. முதலாளி எனக்கு இரண்டு பொடி தோசை கொடுத்துவிட்டு, எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டு, "இப்ப சொல்லுய்யா, யார் விசில் அடிச்சது?" என்று என்னையே சாட்சியாக நிறுத்தினார்.

நோட்டில் ஐந்தாவது சத்தம் ஒன்று உண்டு. அது ஸ்ரீரங்கத்தில் கிடைத்தது. அதற்கு முன்னால் நான் செய்த தவறைச் சொல்லிவிட வேண்டும்.

அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் சமையலறைக்கு எங்கள் அடுப்புதான். தலைமைச் சமையல் வரதன் சாமி. எழுபது பேருக்கும் சமைப்பார், எழுநூறு பேருக்கும் சமைப்பார். கரண்டியைத் தவிர எதையும் எடுத்துக்கொண்டு நடக்க மாட்டார். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் ஜீயபுரத்து மாணிக்கம். சொந்த ஊரிலிருந்து நெல் உமியும் விறகும் அவரே கொண்டுவருவார். குழாய் மாடி அறை ஒன்றை ஒட்டிப் போய் மொட்டை மாடியில் வெளிவரும். அந்த அறையில் தங்கிய சம்பந்தி வீட்டார், சுவருக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று புகார் செய்திருந்தார்கள்.

காலை பத்து மணிக்குப் போனேன். டிக், டிக். அடுப்பு சூடாகிறது, குழாய் நீள்கிறது.

"ஒண்ணும் இல்ல சாமி. இரும்பு நீளுற சத்தம்."

"அதானே! சம்பந்தியாத்துக்காராளுக்கு எதுதான் சத்தமாப் படாது?" என்று வரதன் சாமி சிரித்தார். "கார்த்தால மட்டுந்தான் தட்டும். சாயங்காலம் சமர்த்தா இருக்கும்."

படிவத்தை எடுத்தேன். பதினொரு கேள்வி. ஆறாவது கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சமையல்? "ஆறு மணி நேரம். மிஞ்சினா ஏழு." எழுதிக்கொண்டேன். கரி சுரண்ட ஆறு மாதத்திற்கு ஒரு முறை போதும் என்று குறித்துக் கையெழுத்து வாங்கினேன். கச்சிதமான படிவம். தனசேகர் சாரின் பென்சில் அதில் ஓர் இடத்தில்கூடப் படவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு முகூர்த்த நாள் காலை எட்டரை மணி. வேறு வேலையாக ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தேன். வரதன் சாமியின் போன்.

"அம்மா கற்பகம், நம்ம அடுப்பு சிரிக்கறது! கேளேன்!" போனை அடுப்பருகே கொண்டுபோனார். "இன்னிக்கு எலை ஆயிரத்தைத் தாண்டும் பாரு. நீயும் வந்து சாப்ட்டுட்டுப் போ."

தீ உறுமினால் அடுப்பு சிரிக்கிறது, விருந்தாளி வருவார்கள் என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். என் அம்மாவும் சொல்வார். ஆனால் போனில் கேட்டது அடுப்பில் எழும் சத்தம் போல இல்லை. காவிரிப் பாலத்தில் ரயில் ஏறும்போது கரையில் நிற்பவருக்குக் காலில் தெரியுமே, அப்படி அடியிலிருந்து வந்தது.

"சாமி, விறகு போடாதீங்க. வந்துட்டேன்."

ஸ்கூட்டரில் ஐந்து நிமிடம். பின்வாசலில் நுழைந்ததும் நின்றேன். இரண்டு நிமிடம் நிற்கவில்லை, பத்து விநாடி போதுமாக இருந்தது. விறகுக் கதவருகே சத்தம் குறைவு. குழாயருகே அதிகம். குழாயைத் தாங்கும் போல்ட்டுகள் கடகடவென்று ஆடின. தீ அடுப்பில் மட்டும் எரியவில்லை. குழாய்க்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது.

மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். விருந்துக்காகக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலின் ஓரம் குழாயிலிருந்து ஒரு கை தூரம். குழாயின் தொப்பியிலிருந்து பொறி பறந்துகொண்டிருந்தது. பந்தலுக்குள் சிறுவர்கள் நாற்காலிகளை வரிசையாக வைத்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே மாடி அறையில், குழாயை ஒட்டிய சுவருக்கு இந்தப் பக்கம், கல்யாணப் பெண்ணுக்கு ஜடை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்து தனசேகர் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், குழாய்க்குள்ள தீ. அடுப்பை மூடணும்."

"வெளித்தகடு என்ன டெம்பரேச்சர்?"

அளந்தேன். "அறுபத்தெட்டு சார்."

"அது நார்மல்தானே?"

"ரெட்டைக் குழாய் சார். நடுவுல சூடு தாங்குற கம்பளி இருக்கு. உள்ளே எரியறது வெளியே தெரிய நேரமாகும். தெரியும்போது பந்தல் இருக்காது."

"எத்தனை மணிக்கு சாப்பாடு?"

"பதினொன்றரைக்கு முதல் பந்தி. சாம்பார் பாதியில இருக்கு. சாதம் இன்னும் வைக்கலை."

"எதை வெச்சு சொல்றீங்க, கற்பகம்?"

"சத்தத்தை வெச்சு சார்."

நான் தப்பாகச் சொல்லியிருந்தால் ஒரு கல்யாணத்தின் விருந்து கெடும். அந்த மண்டபத்தோடு எங்கள் கம்பெனியின் பெயரும் போகும். நான் சரியாகச் சொல்லி அவர் தயங்கினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"மூடுங்க. கையெழுத்து நான் போடறேன்" என்றார்.

செய்த வரிசை இது. மாணிக்கத்தை நான்கு பேரோடு மாடிக்கு அனுப்பி, சிறுவர்களை இறக்கி, குழாயைச் சுற்றியிருந்த கீற்றைப் பிரித்து, மீதிப் பந்தலில் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். குழாய் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, சூட்டில் வெடிக்கும். மாடி அறையைக் காலி செய்யச் சொன்னேன். பாதி ஜடையோடு பெண் எதிர் அறைக்குப் போனாள். பிறகு அடுப்பிலிருந்து அண்டாக்களை இறக்கச் சொன்னேன். இங்கேதான் வரதன் சாமி குறுக்கே நின்றார்.

"என்ன பண்ணப் போறே?"

"மூடப் போறேன் சாமி. காத்து போகாம அடைச்சாத்தான் குழாய்த் தீ அடங்கும்."

"அக்னியை அணைக்கப்படாதும்மா! முந்தாநாள் கற்பூரம் காட்டி ஏத்தினது. நாளைக்குக் கடைசிப் பந்தி எழுந்திருக்கற வரைக்கும் அது அணையப்படாது. நாப்பது வருஷமா இந்தக் கையால ஒரு கல்யாணத்துலயும் நடுவுல அணைஞ்சதில்லே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ராத்திரியிலயும் எரியுமா சாமி?"

மாடியிலிருந்து இறங்கி வந்த மாணிக்கம் பதில் சொன்னார்: "எரியாதுங்க. உமியைப் போட்டு மூடி, சாம்பல் கதவைச் சாத்தி, டேம்பரையும் முக்கால்வாசி மூடிருவேங்க. கங்கு காலையில வரைக்கும் அப்படியே கெடக்கும்."

கேள்வி ஆறு. எத்தனை மணி நேரம் சமையல்? ஆறு மணி நேரம். உண்மைதான் சொன்னார்கள். மீதிப் பதினெட்டு மணி நேரம் காற்றில்லாமல் புகைந்த தீ, தார் போன்ற பிசினைக் குழாய் முழுக்கப் பூசிக்கொண்டிருந்தது. சமைக்காத நெருப்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அதைவிட முக்கியமானது, சாயங்காலம் டிக் டிக் வராது என்று சாமியே சொல்லியிருந்தார். நீண்ட இரும்பு சுருங்கித்தான் ஆக வேண்டும். சுருங்கும் சத்தம் வரவில்லை என்றால் அந்தக் குழாய் சட்டென்று ஆறுவதே இல்லை, இரவெல்லாம் மந்தமாகப் புகைகிறது என்று பொருள். கேட்ட சத்தத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேன். கேட்க வேண்டிய சத்தம் இல்லாததைக் கவனிக்கவில்லை.

"சாமி, அணைக்க மாட்டேன். அடைப்பேன். கங்கு உள்ளே உயிரோட இருக்கும். பின்னாடி மண்ணுல கோட்டை அடுப்பு வெட்டச் சொல்லுங்க. இதே நெருப்பை எடுத்து அதுல வைக்கலாம். அக்னி இடம் மாறுது, அவ்வளவுதான்."

என் முகத்தையே பார்த்தார். "உயிரோட இருக்கும்னு நிச்சயமாச் சொல்றியா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது சாமி. இருக்கறதுக்கு வழி இருக்கு."

"ரங்கா!" என்று சொல்லிவிட்டு விலகினார். பிறகு சமையலறையே அதிரக் கத்தினார்: "டேய், கடப்பாறை எங்கடா?"

சாம்பல் கதவைச் சாத்தினேன். விறகுக் கதவைச் சாத்தி, இடுக்குகளில் ஈரக் களிமண் அப்பினேன். டேம்பரைக் கடைசியாக, கால் திருப்பு கால் திருப்பாக மூடினேன். ரயில் சத்தம் உடனே நிற்கவில்லை. இரண்டு முறை பொப் என்று குமுறியது. பிறகு தேய்ந்து, மூச்சு வாங்குவது போலாகி, ஒன்பது நிமிடத்தில் அடங்கியது.

"இப்பத் திறக்கலாமோன்னோ?"

"கூடாது சாமி. காத்து பட்டா திரும்பப் பிடிச்சுக்கும்."

"எப்பத் திறப்பே?"

"குழாய் சொல்லும்."

பின்பக்கம் மாணிக்கம் ஆட்கள் முழங்கால் ஆழத்துக்கு நீளக் குழிகள் நான்கு வெட்டிச் செங்கல் அடுக்கிவிட்டார்கள். முகூர்த்தம் நடந்து கெட்டி மேளம் கேட்டது. வரதன் சாமி அட்சதை போடக்கூடப் போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு குழாய்க்கு எதிரில் நின்றார். அந்த மேளத்தின் அடியில் எனக்கு மட்டும் வேண்டிய சத்தம் ஒன்று வர வேண்டியிருந்தது. காதைக் குழாய்த் தாங்கியில் வைத்தேன். மேளம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் வந்தது. டிக். நீண்ட இடைவெளி. டிக். பிறகு டிக், டிக், டிக் என்று ஒழுங்காக, மேலிருந்து கீழே இறங்கியது. குழாய் சுருங்குகிறது.

கதவைத் திறந்தேன். சாம்பல் நிறம். எங்கும் சாம்பல் நிறம். வரதன் சாமி கண்ணை மூடிக்கொண்டார். மாணிக்கம் குனிந்து கம்பியால் மேல் சாம்பலை விலக்கி மெதுவாக ஊதினார். அடியில் மாதுளை முத்து அளவுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. இன்னொரு ஊதல். அது பக்கத்துக் கரிக்குப் பரவியது.

"இருக்குங்க சாமி! வாழைக்காய் அளவுக்கு இருக்குங்க!"

இரும்புக் கரண்டியில் எடுத்து, சாமி தானே நடந்து கொண்டுபோய்க் குழியில் வைத்தார். அவர் கரண்டியைத் தவிர எதையும் தூக்க மாட்டார் என்றேனே, அன்றும் தூக்கியது கரண்டிதான்.

முதல் பந்தி பன்னிரண்டே காலுக்கு உட்கார்ந்தது. முக்கால் மணி நேரத் தாமதம். நாயனக்காரரிடம் "இன்னும் ரெண்டு உருப்படி வாசியும், கல்யாணி பிரமாதம்" என்று சாமி ஆள் அனுப்பியிருந்தார். பந்தலின் ஓரம் ஏன் பிரிந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, "காத்தோட்டத்துக்கு" என்றார் மாணிக்கம். எனக்குத் திருக்கண்ணமுதை, அவர்கள் பாயசத்துக்குச் சொல்லும் பெயர் அது, சாமியே பரிமாறினார்.

மறுநாள் கடைசிப் பந்தி எழுந்த பிறகு குழாயைக் கழற்றினோம். உள்ளே தார் எரிந்து, பொரித்த அப்பளம் போல உப்பி ஒட்டியிருந்தது. மூன்று பாண்டுச் சட்டி நிறைந்தது. தனசேகர் சார் வந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அறிக்கை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'ஆய்வு செய்தவர் கேட்ட கேள்வி தவறு. ஆய்வு செய்தவர்: கற்பகம்' என்று எழுதினேன். அந்தத் தாள் பென்சில் படாமல் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் புதிய படிவம் அச்சாகி வந்தது. கேள்வி ஆறு: 'நெருப்பு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கும்?' பன்னிரண்டாவதாகப் புதிதாக ஒன்று: 'சத்தம். எங்கே, எப்போது, எந்தக் கதவைத் திறந்தால் மாறுகிறது. வர வேண்டிய சத்தம் ஏதாவது வராமல் இருக்கிறதா?' என் நோட்டின் கட்டங்கள் அப்படியே. ஓரத்தில் யூனிட் என்ற சிறு கட்டம் காலியாக இருந்தது. என் பிரதியில் மட்டும் அதில் பென்சிலால் 'க' என்று எழுதியிருந்தது. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பென்சிலை எனக்குத் தெரியும்.

அந்தச் சமையலறைக்காகக் கங்குச் சட்டி ஒன்று வரைந்தேன். மூடியில் விரல் அளவு துளை உள்ள இரும்புப் பானை. கொல்லையில் வெட்டவெளியில் இருக்கும். ராத்திரி நெருப்பு அதில் தங்கும், அடுப்பு ஆறும். வரதன் சாமி வந்து பார்த்து, "அக்னிக்குத் தனி ஜாகையா? பேஷ்" என்றார். இன்று திருச்சி வட்டாரத்தில் எங்கள் அடுப்பு உள்ள பத்து மண்டபங்களில் அந்தச் சட்டி இருக்கிறது. வரைபடத்தின் கீழ் மூலையில் என் பெயர் இருக்கிறது. அது எனக்குப் பெருமைதான். மறைக்க ஒன்றும் இல்லை.

போன வாரம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வரைபட மேஜையில் இருந்தபோது போன் வந்தது. வரதன் சாமி.

"ஏணியை விட்டுட்டியாமே? நந்தினின்னு ஒரு கொழந்தை வந்திருக்கா. வந்ததுலேர்ந்து ரெண்டு நிமிஷமா ஒண்ணும் பேசாம நிக்கறா. இவளும் உன்ன மாதிரிதானா?"

"அவ கேக்கட்டும் சாமி. நெருப்பு எங்கே இருக்கு?"

"சட்டியில. கொல்லையில. இந்தா, நீயும் கேளு."

போனைக் குழாயருகே கொண்டுபோனார். மேஜையில் பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். டிக். டிக். டிக். மேலிருந்து கீழே, ஒழுங்காக, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு.